டெக்சஸ் கவுண்டி ஜெயிலுக்குப் பாதுகாப்புக் கருவி வாங்கப் பணம் திரட்டுவது எப்படி?

டெக்சஸில் 254 கவுண்டிகள். அவற்றில் பெரும்பாலானவை சொந்தமாக ஒரு ஜெயில் நடத்துகின்றன. ஹூஸ்டனை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுண்டியின் ஜெயிலில் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். மேற்கே ஒரு சின்னக் கவுண்டிக்குப் போனால் சில டஜன் படுக்கைகள்தான் இருக்கும். அங்கே வீடு வைத்திருக்கும் நம்மவர்கள் கட்டும் சொத்து வரியிலும் கவுண்டிக்கென ஒரு பங்கு உண்டு. ஜெயிலுக்குப் போகும் பணத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது.

கவுண்டியின் நிதி, ஐ.டி. அல்லது கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்து, "ஜெயிலுக்குப் புது கேமரா வேண்டுமாம், பணத்துக்கு வழி பாருங்கள்" என்ற கோப்பு மேசைக்கு வந்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன். கூட்டத்துக்குப் போய்க் கேள்வி கேட்க நினைக்கும் வரி கட்டுபவருக்கும் பயன்படும். வேறு மாநிலத்தில் இருந்தால் சட்டங்களின் பெயர் மாறும், வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கவுண்டி ஜெயில்களில் இருப்பவர்களில் பத்தில் ஏழு பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள், பலர் ஜாமீன் தொகை கட்ட முடியாமல் உள்ளே இருப்பவர்கள். அவர்களை உயிரோடும் காயமின்றியும் வைத்திருப்பது கவுண்டியின் கடமை. அந்தக் கடமைக்கான செலவை யார் தலையில் கட்டுகிறோம் என்பதுதான் இந்த வேலை முழுவதிலும் வரும் கேள்வி.

முடிவு எடுப்பவர்கள் யார்?

ஜெயிலை நடத்துபவர் தேர்தலில் வென்று வந்த ஷெரிஃப். பணப்பை அவரிடம் இல்லை. அது கமிஷனர்ஸ் கோர்ட்டிடம் இருக்கிறது. பெயரில் கோர்ட் இருந்தாலும் அது ஆட்சி மன்றம்: ஒரு கவுண்டி ஜட்ஜ், நான்கு கமிஷனர்கள். பில்லைச் சரிபார்ப்பவர் கவுண்டி ஆடிட்டர். அவரைக் கமிஷனர்கள் நியமிப்பதில்லை, மாவட்ட நீதிபதிகள் நியமிக்கிறார்கள். அதனால் அவரைக் கடைசியில் போய்ப் பார்க்காதீர்கள், முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். எந்தப் பணத்தை எதற்குத் தொடக்கூடாது என்பது அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும். இவர்கள் எல்லோருக்கும் மேலே, குறைந்தபட்சத் தரங்களை வகுத்து ஆய்வு செய்ய டெக்சஸ் சிறைத் தர ஆணையம் இருக்கிறது. 1975 முதல் இயங்குகிறது.

முதல் படி: என்ன நடந்தது என்று எழுதுங்கள்

விற்பனையாளரின் விளம்பரத் தாளிலிருந்து தொடங்கும் கோரிக்கைகள்தான் அதிகம் தோற்கின்றன. "செயற்கை நுண்ணறிவுக் கேமரா வேண்டும்" என்று எழுதினால், ஏன் என்று கமிஷனர் கேட்கும்போது பதில் இருக்காது. உங்கள் ஜெயிலில் கடந்த சில ஆண்டுகளில் நடந்தவற்றை எடுங்கள்: இறப்புகள், தற்கொலை முயற்சிகள், அடிதடி, உள்ளே வந்த போதைப்பொருள், திறக்காத கதவு, ஆணையத்தின் ஆய்வு அறிக்கையில் வந்த குறைகள், நஷ்டஈடு வழக்குகள். காவலில் நேர்ந்த ஒவ்வொரு இறப்புக்கும் 30 நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலுக்கு அறிக்கை போயிருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

இந்தப் படி ஏன் முக்கியம் என்பதற்கு டெக்சஸிலேயே ஒரு கொடுமையான சான்று இருக்கிறது. 2015 ஜூலை 10 அன்று சாண்ட்ரா பிளாண்ட் என்ற 28 வயதுப் பெண் வாலர் கவுண்டியில் கைதானார். தடம் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று காரை நிறுத்தியதில் தொடங்கிய விவகாரம் அது. மூன்று நாள் கழித்து, 13ஆம் தேதி காலை, செல்லில் தூக்கில் இறந்து கிடந்தார். கைதிகளை நேரில் போய்ப் பார்க்கும் விதியைச் சரியாகப் பின்பற்றவில்லை என்றும் பயிற்சி போதவில்லை என்றும் ஆணையம் அந்த ஜெயிலைக் குறை சொன்னது. 2016இல் குடும்பத்துடன் 19 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. செல் ரோந்தை மின்னணு முறையில் பதிய வேண்டும் என்பதும் அந்த உடன்பாட்டில் இருந்தது. அடுத்த ஆண்டு மாநிலச் சட்டமன்றம் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றியது. ஆபத்தில் இருக்கும் கைதிகளை உரிய நேரத்தில் பார்த்தார்களா என்பதைத் தானியங்கி சென்சாரோ கேமராவோ உறுதிசெய்ய வேண்டும் என்று அது சொல்கிறது.

நாடு முழுவதற்குமான கணக்கும் இதையே காட்டுகிறது. 2019இல் உள்ளூர் ஜெயில்களில் 1,200 பேர் இறந்தார்கள். அதில் 355 தற்கொலைகள். தனிக் காரணங்களில் அதுதான் முதலிடம். போதை மருந்தால் இறப்பவர்களில் பலர் உள்ளே வந்த முதல் நாளிலேயே இறக்கிறார்கள். ஆகவே கைதியைப் பதிவு செய்து உள்ளே எடுக்கும் அறையும் முதல் சில நாள்களும்தான் பணத்தை முதலில் போட வேண்டிய இடங்கள். பின்வாசல் வேலிக்குப் புதுக் கேமரா அதற்கு அப்புறம் வரட்டும்.

இரண்டாம் படி: கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது

டெக்சஸ் விதிப்படி ஜெயிலர் குறைந்தது 60 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கைதியையும் நேரில் பார்க்க வேண்டும். தற்கொலை அபாயமோ மனநலக் குறையோ உள்ளவர்கள் இருக்கும் பகுதியில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை. சி.சி.டி.வி. வைத்துக்கொள்ளலாம், ஆனால் நேரில் பார்ப்பதற்கு அது ஈடாகாது என்று விதியே தெளிவாகச் சொல்கிறது. 48 கைதிக்கு ஒரு ஜெயிலர் என்ற விகிதமும் அப்படியே நிற்கும். "கேமரா போட்டால் ஆளைக் குறைக்கலாம்" என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் இந்த இரண்டு விதிகளையும் எடுத்து முன்னே வையுங்கள்.

ரோந்துப் பதிவுக் கருவி எளிமையானது. செல் கதவருகே சுவரில் ஒரு சிறு சிப் இருக்கும். ஜெயிலர் கையிலுள்ள கருவியால் அதைத் தொட்டால் நேரம் பதிவாகும். காகிதப் பதிவேட்டில் மொத்தமாக எழுதிவைக்கும் பழக்கத்தை இது தடுக்கிறது. சின்ன ஜெயில்கள் வாங்கக்கூடியவற்றில் பணத்துக்கு அதிகப் பயன் தருவது இதுதான் என்பது என் கருத்து. இருந்தாலும் அது பதிவு செய்வது ஜெயிலர் கதவு வரை வந்ததை மட்டுமே. உள்ளே எட்டிப் பார்த்தாரா, மூச்சு வருகிறதா என்று கவனித்தாரா என்பது பயிற்சியையும் மேற்பார்வையையும் பொறுத்தது. அதற்கும் கோரிக்கையில் ஒரு தொகை இருக்கட்டும்.

உடலை ஊடுருவிப் பார்க்கும் ஸ்கேனர் கேட்கிறார்கள் என்றால் கதிர்வீச்சு விதியைப் படியுங்கள். அமெரிக்கத் தரநிலை ஒருவருக்கு ஒரே இடத்தில் ஆண்டுக்கு 250 மைக்ரோசீவர்ட் என்று வரம்பு வைத்திருக்கிறது. யாரை எத்தனை தடவை ஸ்கேன் செய்தோம் என்ற கணக்கு இல்லாமல் அதைக் காப்பாற்ற முடியாது. எக்ஸ்ரே கருவி என்பதால் மாநில சுகாதாரத் துறையிலும் பதிய வேண்டும். படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த ஆள் ஒவ்வொரு ஷிஃப்டிலும் வேண்டும்.

கேமரா வைக்கும் இடத்திலும் கவனம் தேவை. சிறைப் பாலியல் வன்முறை ஒழிப்புச் சட்டம் 2003இல் வந்தது, அதன் விதிகள் 2012இல். குளியல், கழிப்பறை, உடை மாற்றும் இடங்களில் கைதியை எதிர்ப்பாலினக் காவலர் பார்க்கும்படி படம் தெரியக்கூடாது. கேமராப் படத்தில் அந்தப் பகுதியை மறைக்கும் வசதியை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

செல்போன் ஜாமர் பற்றி யாராவது பேசினால் நிறுத்திவிடுங்கள். ஒரு கவுண்டி தானாக ஜாமர் வாங்கி வைப்பது கூட்டாட்சித் தகவல்தொடர்புச் சட்டத்தை மீறுவது.

மூன்றாம் படி: முழு விலையைக் கணக்கிடுங்கள்

கேமராவின் விலை என்பது மொத்தச் செலவில் ஒரு துண்டு. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிந்தால் நாளொன்றுக்குச் சுமார் 43 ஜிகாபைட். அறுபது கேமரா, முப்பது நாள் என்றால் 78 டெராபைட். தொண்ணூறு நாள் வைத்திருக்க வேண்டும் என்று வழக்கறிஞர் சொன்னால் 233 டெராபைட். டிஸ்க், சர்வர், அதைக் குளிர்விக்கும் ஏசி, மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரி எல்லாம் அதற்கேற்பக் கூடும். டெக்சஸில் மனித உரிமை மீறல் வழக்கு தொடர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆகவே சம்பவம் நடந்த நாளின் வீடியோவைத் தனியே எடுத்துப் பாதுகாக்கும் வழியும் இருக்க வேண்டும்.

அப்புறம் மென்பொருள் உரிமக் கட்டணம், பழுதுபார்க்கும் ஒப்பந்தம், கான்கிரீட் சுவரைத் துளைத்து ஒயர் இழுக்கும் கூலி, பழைய கதவுக் கட்டுப்பாட்டுடன் இணைக்கும் வேலை, ஜெயிலர் பயிற்சிக்குப் போகும்போது அவர் இடத்தில் நிற்பவருக்கான ஓவர்டைம். இவற்றை ஐந்து ஆண்டுக்கு வரிசையாக எழுதுங்கள். ஒருமுறைச் செலவு ஒரு பத்தியில், ஆண்டுதோறும் வருவது இன்னொரு பத்தியில். இந்தப் பிரிப்பு இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இரண்டு பத்திகளுக்கும் பணம் வெவ்வேறு இடங்களிலிருந்து வர வேண்டும்.

நான்காம் படி: எந்தப் பணம் எதற்குப் பொருந்தும்

சின்ன ஜெயில் என்றால் முதலில் தட்ட வேண்டிய கதவு கைதிகள் பாதுகாப்பு நிதி. சாண்ட்ரா பிளாண்ட் சட்டம் உருவாக்கியது. 96 படுக்கைக்கு மேல் இல்லாத ஜெயில்களுக்கு, அந்தச் சட்டம் கேட்கும் சென்சார், கேமரா முதலியவற்றுக்கு இதிலிருந்து உதவி கேட்கலாம். சிறைத் தர ஆணையத்திடமே கேளுங்கள், நிதியில் அப்போது எவ்வளவு இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள்.

அடுத்து 2023இல் வந்த கிராமப்புறக் காவல் மானியம். செனட் மசோதா 22 என்றால் எல்லோருக்கும் தெரியும். மக்கள்தொகை 3 லட்சம் வரை உள்ள கவுண்டிகளின் ஷெரிஃப் அலுவலகங்களுக்கு: 10,000க்குக் குறைவானால் 2.5 லட்சம் டாலர், 50,000 வரை 3.5 லட்சம், அதற்கு மேல் 5 லட்சம். ஆனால் வரிசை உண்டு. ஷெரிஃபுக்கு ஆண்டுக்கு 75,000, டெபுட்டிக்கு 45,000, ஜெயிலருக்கு 40,000 டாலர் என்ற குறைந்தபட்சச் சம்பளத்தை முதலில் எட்ட வேண்டும். மீதியில்தான் பாதுகாப்புச் சாதனம் போன்றவை. இந்த வரிசை சரியானது என்றே நினைக்கிறேன். சம்பளம் போதாமல் ஜெயிலர்கள் விலகிப் போகும் ஜெயிலில் அலாரம் அடித்தால் ஓடி வர யார் இருப்பார்கள்?

கூட்டாட்சி அரசின் பர்ன் நீதி உதவி மானியம் அடுத்தது. மக்கள்தொகையும் வன்முறைக் குற்ற எண்ணிக்கையும் பார்த்துப் பங்கு பிரிப்பார்கள். கணக்கில் 10,000 டாலருக்குக் கீழே வரும் ஊர்களுக்கு நேரடியாகக் கிடைக்காது. அந்தப் பணம் மாநிலத்துக்குப் போகும். டெக்சஸில் ஆளுநர் அலுவலகத்தின் பொதுப் பாதுகாப்புப் பிரிவு அதை வழங்குகிறது, அக்கம்பக்கக் கவுண்டிகளும் நகரங்களும் சேர்ந்து நடத்தும் உங்கள் வட்டார கவுன்சில் வழியாக விண்ணப்பம் நகரும். நேரடிப் பங்குக்கு விண்ணப்பிக்கும் கவுண்டி, குறைந்தது 30 நாள் முன்பே அதைத் தன் ஆட்சி மன்றத்தின் பார்வைக்கு வைக்க வேண்டும். கவுண்டிக்குக் கூட்டாட்சிப் பதிவு எண் இருக்கிறதா, இந்த ஆண்டு புதுப்பித்தார்களா என்று இன்றே பாருங்கள். கடைசி நாளில் பார்த்தால் காரியம் கெடும். ஏற்கெனவே பட்ஜெட்டில் ஒதுக்கிய செலவுக்கு இந்த மானியத்தை மாற்றிப் போட்டுவிட்டு உள்ளூர்ப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் கூடாது.

20,000க்கு மேல் மக்கள் இல்லாத ஊரில் ஜெயில் இருந்தால் அமெரிக்க வேளாண் துறையின் சமூக வசதித் திட்டத்தையும் விசாரியுங்கள். பெரும்பாலும் கடனாக வரும், ஏழ்மையான பகுதிக்குக் கொஞ்சம் மானியமும் சேரும். வேளாண் துறைக்கும் ஜெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். கிராமப்புறப் பொதுக் கட்டடங்கள் அவர்கள் பொறுப்பில் வருகின்றன.

மானியம் போதாவிட்டால் கடன். கருவிகளுக்கு வரிப் பத்திரம், அதாவது வரப்போகும் வரியைக் காட்டி வாங்கும் குறுகிய காலக் கடன், பொருத்தம். ஏழு ஆண்டுக்குள் தீர்க்க வேண்டும். பெரிய வேலைக்குக் கடன் சான்றிதழ் உண்டு, வழக்கமாக வாக்கெடுப்பு இல்லாமலே கமிஷனர்ஸ் கோர்ட் வாங்கும் நீண்ட காலக் கடன் அது. அதற்கு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், பதிவான வாக்காளரில் 5 சதவீதம் பேர் மனு கொடுத்தால் தேர்தல் வைக்க வேண்டும். கருவியின் ஆயுளைவிட நீண்ட கடன் மட்டும் வாங்காதீர்கள். ஏழு ஆண்டில் தூக்கிப் போடப் போகும் சர்வருக்கு இருபது ஆண்டு வட்டி கட்டக்கூடாது.

இங்கேதான் புதியவர்கள் கவனிக்காமல் விடும் ஒரு முடிச்சு இருக்கிறது. 2019 சட்டப்படி, பழைய சொத்துகளிலிருந்து வரும் நடைமுறைச் செலவுக்கான வரி வருவாயை ஆண்டுக்கு 3.5 சதவீதத்துக்கு மேல் கூட்டினால் கவுண்டி வாக்காளர்களிடம் போக வேண்டும். மிகச் சின்னக் கவுண்டிகளுக்குச் சில தளர்வுகள் உண்டு. கடனைத் தீர்க்கும் வரிக்கு அந்த வரம்பு இல்லை. அதனால் கருவி வாங்கக் கடன் எளிதாகக் கிடைத்துவிடும். ஆனால் அதன் உரிமக் கட்டணமும் பராமரிப்பும் ஜெயிலர் சம்பளத்தோடு அதே 3.5 சதவீதத்துக்குள் வந்து நெருக்கும். இரண்டாம் ஆண்டில் பராமரிப்பு ஒப்பந்தத்தை வெட்டுவார்கள், மூன்றாம் ஆண்டில் கேமராக்கள் ஒவ்வொன்றாக அணையும். ஆண்டுச் செலவுக்கு நிரந்தர இடம் பட்ஜெட்டில் கிடைக்கவில்லையா? வாங்கும் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

கொரோனா நிவாரண நிதியைப் பற்றி இன்னும் சிலர் பேசுவார்கள். 2024 டிசம்பர் 31க்குள் ஒப்பந்தமாகாத பணம் அதில் இனி கிடையாது. ஓபியாய்டு மருந்து நிறுவனங்களின் சமரசப் பணத்திலிருந்து ஸ்கேனர் வாங்கலாமே என்றும் சொல்வார்கள். டெக்சஸில் அந்தப் பணத்தில் 15 சதவீதம் கவுண்டிகளுக்கும் நகரங்களுக்கும் நேரடியாக வருகிறது. அது போதை அடிமைத்தனத்துக்குச் சிகிச்சை அளிக்கவும் உயிர் காக்கவும் வந்த பணம். அதைக் கொண்டு ஜெயிலில் சிகிச்சை மருந்தும் நர்ஸும் ஏற்பாடு செய்யுங்கள். ஸ்கேனருக்கு வேறு வழி பார்க்கலாம்.

குடும்பங்களின் பையிலிருந்து எடுக்காதீர்கள்

இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. ஜெயில் கடையில் சோப்பு, நூடுல்ஸ், பற்பசை விற்ற லாபம் ஒரு தனிக் கணக்கில் சேரும். ஷெரிஃபின் கட்டுப்பாட்டில் இருக்கும், ஆடிட்டர் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்ப்பார். கைதிகளின் நலம், உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கான தொழில்நுட்பத்துக்கு அதைச் செலவிடலாம் என்று டெக்சஸ் சட்டம் அனுமதிக்கிறது. ஜெயிலின் வழக்கமான பட்ஜெட் செலவுக்குக் கமிஷனர்ஸ் கோர்ட் அதை எடுக்க முடியாது. சட்டம் அனுமதித்தாலும் அந்தப் பணம் பெரும்பாலும் வெளியே இருக்கும் அம்மாவோ மனைவியோ கடையில் வேலை பார்த்துக் கட்டியது. புத்தகம், படிப்பு, மருத்துவ ஆலோசனைக்கான டேப்லெட் என்று கைதிக்கே திரும்பிப் போகட்டும். கட்டடத்தின் கதவுப் பூட்டுக்கு எல்லா வரி கட்டுபவர்களும் சேர்ந்து தர வேண்டும்.

தொலைபேசி ஒப்பந்தம் இன்னும் நுட்பமானது. "கேமரா இலவசம், ஸ்கேனர் இலவசம், எங்கள் போன் ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்" என்று வருவார்கள். அந்த இலவசம் கைதி வீட்டுக்குப் பேசும் ஒவ்வொரு நிமிடத்திலிருந்தும் வசூலாகும். சின்ன ஜெயில்களில் 15 நிமிட அழைப்புக்கு 12.10 டாலர் வரை வாங்கியிருக்கிறார்கள். 2023 ஜனவரியில் வந்த சட்டத்தை ஒட்டி, 2024 ஜூலையில் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் அதை 1.35 டாலராக இறக்கியது. கவுண்டிக்குப் போகும் கமிஷனைத் தடை செய்தது. பாதுகாப்புக் கருவிச் செலவில் பெரும்பகுதியை அழைப்புக் கட்டணத்தில் ஏற்றக்கூடாது என்றும் சொன்னது. 2025இல் அதே ஆணையம் நடைமுறையைத் தள்ளிவைத்து, பிறகு வரம்பை உயர்த்தி, பாதுகாப்புச் செலவை மீண்டும் உள்ளே அனுமதித்தது. இப்படி ஆடும் வருமானத்தை நம்பிக் கருவி வாங்குவது நிதிக் கண்ணோட்டத்தில் பார்த்தாலும் தவறு. சிறையில் இருப்பவர் வீட்டாரோடு பேச முடியாமல் போவது பாதுகாப்பையும் கெடுக்கும்.

ஐந்தாம் படி: வாங்குவது

டெண்டர் விடலாம், அல்லது பைபோர்டு, எச்.ஜி.ஏ.சி. பை போன்ற கூட்டுறவுக் கொள்முதல் ஒப்பந்தங்களில் சேரலாம். கூட்டுறவு வழி வேகமானது. ஆனால் கூட்டாட்சிப் பணம் சேர்ந்தால் அந்த ஒப்பந்தம் கூட்டாட்சிக் கொள்முதல் விதிகளையும் நிறைவு செய்கிறதா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஹிக்விஷன், தாஹுவா நிறுவனங்களின் கண்காணிப்புக் கேமராக்களைக் கூட்டாட்சி மானியத்தில் வாங்கத் தடை இருக்கிறது. வேறு பெயர் ஒட்டி வரும் கேமராவின் உள்ளே யாருடைய பாகம் இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். டெண்டரைத் தவிர்க்கப் பெரிய கொள்முதலைத் துண்டு துண்டாக்குவது டெக்சஸில் குற்றம்.

கையெழுத்துக்கு முன் உங்கள் ஜெயிலிலேயே சோதனை ஓட்டம் கேளுங்கள். விற்பனை அறையில் அழகாக வேலை செய்யும் வயர்லெஸ் கருவி, இரும்பும் கான்கிரீட்டுமான சுவருக்குள் செத்துப் போகும். உங்கள் அளவுள்ள வேறொரு ஜெயிலுக்கு நேரில் போய், ஷெரிஃபை விட்டுவிட்டு இரவு ஷிஃப்ட் ஜெயிலரிடம் பேசுங்கள்.

ஆறாம் படி: காலமும் கூட்டமும்

நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்கும் கவுண்டி என்றால் துறைகளின் கோரிக்கை கோடைத் தொடக்கத்திலேயே போய்விடும். ஜூலை 25 வாக்கில் சொத்து மதிப்பு உறுதியாகும், வருமானம் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். ஆகஸ்ட், செப்டம்பரில் விவாதித்து நிறைவேற்றுவார்கள். ஆகஸ்டில் புதுக் கோரிக்கையோடு போனால் அடுத்த ஆண்டு வாருங்கள் என்பார்கள்.

கூட்டத்துக்கு ஒரே பக்கம் எடுத்துப் போங்கள். நடந்த சம்பவங்கள், ஆணையம் சொன்ன குறை, அதைச் சரிசெய்யும் கருவி, ஐந்தாண்டுச் செலவு இரண்டு பத்தியாக, ஒவ்வொரு தொகைக்கும் எதிரே அதன் நிதி ஆதாரம், ஆண்டுதோறும் யார் பட்ஜெட்டில் வரும் என்ற வரி. கவுண்டிக்குக் காப்பீடு தரும் குழுமத்திடம் முன்பே பேசி அவர்கள் கருத்தைக் கடிதமாக வாங்கி இணைத்தால் கமிஷனர்கள் கவனிப்பார்கள். கைதிகளின் குடும்பத்தார் கூட்டத்துக்கு வந்து பேச அனுமதி உண்டு. அவர்களுக்கு எந்த நாளில் இது பட்டியலில் வருகிறது என்று சொல்லுங்கள்.

பொருத்திய பிறகு முதல் மூன்று மாதம் ரோந்துப் பதிவை வாரந்தோறும் ஒருவர் உட்கார்ந்து படிக்க ஏற்பாடு செய்யுங்கள். 30 நிமிடத்தைத் தாண்டிய இடைவெளிகள் எந்த ஷிஃப்டில், எத்தனை ஆள் இருந்தபோது வந்தன என்று பிரித்துப் பாருங்கள். ஆள் பற்றாக்குறையால் வந்த இடைவெளி என்றால் அந்தத் தாளை அப்படியே அடுத்த பட்ஜெட் கோரிக்கையில், ஜெயிலர் பணியிடங்கள் என்ற தலைப்பின் கீழ் இணையுங்கள்.